வேட்டையை விட்டுவிட்டு அப்பாவை எழுத முடியுமா?

கேள்வி: எங்கள் ஊர் சாத்தூர்ப் பக்கத்துக் கரிசல் கிராமம். அப்பா சென்ற ஆண்டு 78 வயதில் காலமானார். முதலாண்டு நினைவு நாளுக்குச் சிறு மலர் ஒன்று அச்சிடுகிறோம்; எழுதும் பொறுப்பு என்னுடையது. இளமையில் அவருக்கு முயல் வேட்டை என்றால் உயிர். நாய் இல்லாமல் கடைசி வரை இருந்ததில்லை. வேட்டையை விட்ட பிறகு கொல்லைத் தோட்டமே கதியென்று கிடந்தார். "வேட்டை என்ற சொல்லே மலரில் வரக் கூடாது, பேரப்பிள்ளைகள் என்ன நினைப்பார்கள்?" என்கிறார் அண்ணன். அதை விட்டுவிட்டால் அது அப்பாவே இல்லை என்று எனக்குப் படுகிறது. வீட்டுக் கூடத்துச் சுவரில் தொங்கும் மான்கொம்புக்குக் கீழே அவர் உட்கார்ந்திருக்கும் படத்தை அட்டையில் போடலாமா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, விருதுநகர் மாவட்டம்)

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

இடம் கருதி உங்கள் ஆறு பக்கக் கடிதத்தைச் சுருக்கியே மேலே தந்திருக்கிறோம். முழுவதையும் நான் இரண்டு முறை படித்தேன். வேட்டையை எழுதுங்கள் என்பதே என் பதில். எப்படி எழுதுவது என்பதில்தான் கவனம் வேண்டும்.

என் தாத்தாவின் நினைவு மலர் இன்னும் என்னிடம் இருக்கிறது. பண்பாளர், பாசத்தின் உறைவிடம், ஊர் போற்றிய உத்தமர் என்று பன்னிரண்டு பக்கமும் நிறைந்திருக்கும் அந்த மலரில், அவர் என்ன பயிர் வைத்தார், எந்த மாட்டைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், எதற்குக் கோபப்பட்டார் என்பதற்கு ஒரு வரி கிடையாது. அவரைப் பார்த்திராத என் பிள்ளைகள் புரட்டிப் பார்த்துவிட்டு மூடி வைத்துவிட்டார்கள். எழுதியவர்களுக்குப் பாசம் குறைவில்லை. ஆனாலும் அந்தப் புகழுரைகளை எந்த வீட்டுப் பெரியவருக்கும் பொருத்திவிடலாம்.

உங்கள் அண்ணனின் தயக்கத்தை நான் எளிதாகத் தள்ளவில்லை. அறுவடை முடிந்து சோளக்காடு வெறிச்சோடிக் கிடக்கும் நாட்களில், நாலைந்து பேர் நாய்களைக் கூட்டிக்கொண்டு முயல் விரட்டப் போவதும், கிடைத்த கறியைக் கூறு போட்டுப் பங்கு வைப்பதும் உங்கள் அப்பா வளர்ந்த ஊர்களில் சாதாரணமாக நடந்தவை. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் கட்டுப்படுத்தியது. 1991-ஆம் ஆண்டுத் திருத்தம் உரிமம் பெற்று வேட்டையாடும் வழியையும் அடைத்தது. இன்று முயலை விரட்டிப் பிடிப்பது தண்டனைக்குரிய குற்றம். சட்டம் வந்த பிறகும் சில ஆண்டுகள் அவர் போய்வந்தார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதை மறைக்கவும் வேண்டாம், வீரமாகப் பாடவும் வேண்டாம். எந்தக் காலம், யாரோடு போனார், எப்போது நிறுத்தினார், ஏன் நிறுத்தினார் என்று உள்ளபடி எழுதினால், பேரப்பிள்ளைகள் தாங்களே எடைபோட்டுக்கொள்வார்கள்.

நாய்களுக்கு நிறைய இடம் கொடுங்கள். சிப்பிப்பாறை உங்கள் மாவட்டத்து ஊரின் பெயர். அந்தப் பெயரைத் தாங்கிய நாயினமும், கன்னி என்ற நாயினமும் மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி ஓடுபவை. ஆழ்ந்த நெஞ்சும் ஒட்டிய வயிறும் அந்த ஓட்டத்துக்கென்றே வாய்த்தவை. நகரத்தில் வளரும் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால்தான் தாத்தா ஏன் அப்படி ஒரு மெலிந்த நாயைக் கட்டிக்கொண்டு திரிந்தார் என்பது விளங்கும். ஆனால் இனத்தின் பெருமையைவிட, உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் இருப்பது எனக்குப் பெரிதாகப் படுகிறது: வெயில் தாழ்ந்ததும் நாயின் தலையை மடியில் வைத்து, காது மடலைப் புரட்டி, உண்ணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, மண்ணெண்ணெய் ஊற்றிய கொட்டாங்கச்சியில் போடுவார், பிடுங்கிய இடத்தில் விளக்கெண்ணெய் தொட்டு வைப்பார், உங்கள் காலில் உடைமுள் தைத்தபோது எடுத்ததும் அதே விரல்கள்தான். இதை அப்படியே எழுதுங்கள். "பாசமிகு தந்தை" என்று தனியாக ஒரு வரி வேண்டியிருக்காது.

நாயையும் ஆளையும் சேர்த்து நினைவு வைப்பது நம்மிடம் பழைய வழக்கம். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் கிடைத்த நடுகல், மகேந்திரவர்மப் பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. எருமைகளைக் காக்கப் போராடி மாண்ட கருந்தேவகத்தி என்ற வீரனோடு, கள்ளனைக் கடித்துக் காத்து நின்ற கோவிவன் என்ற அவனுடைய நாயும் அதில் செதுக்கப்பட்டு, பெயரும் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே, உங்கள் அப்பா வளர்த்த ஏழு நாய்களின் பெயர்களையும் நிறங்களையும் வரிசையாக அச்சிடத் தயங்காதீர்கள்.

மான்கொம்புப் படம் அட்டையில் வேண்டாம். வேட்டையை மறைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தக் கொம்பு உங்கள் பாட்டனார் காலத்தது என்கிறீர்கள், அப்படியானால் அது அப்பாவின் கதையே இல்லை. தவிர, உரிமைச் சான்றிதழ் இல்லாமல் இத்தகைய பொருளை வைத்திருப்பது சட்டச் சிக்கல். விற்கவோ யாருக்கும் கொடுக்கவோ செய்யாமல், ஒரு வழக்கறிஞரைக் கலந்துகொண்டு, வனத்துறையினரிடம் முறைப்படி தெரிவியுங்கள்.

அட்டைக்குத் தோட்டத்துப் படம் இருக்கிறதே. பந்தலில் தொங்கும் புடலம்பிஞ்சு வளையாமல் நீள்வதற்காக அதன் நுனியில் சின்னக் கல்லைக் கட்டிக்கொண்டு அண்ணாந்து நிற்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைவிட நல்ல படம் கிடைக்காது. அவர் சாண வறட்டியில் பதித்து வைத்த சுரை விதைகள் இன்னும் அடுப்படிச் சுவரில் இருக்கின்றன என்றும் சொல்கிறீர்கள். ஈரம் படாமல் இருந்தால் அவை இப்போதும் முளைக்கும். நாலு விதையை ஊன்றிப் பாருங்கள். முளை கண்டால், வருகிறவர்களுக்கு மலரோடு ஐந்தைந்து விதைகளையும் பொட்டலம் கட்டிக் கொடுங்கள்.

கடைசியாக, அந்தக் கிணறு. 1983-இல் முயலைத் துரத்திய செவலை நாய் மொட்டைக் கிணற்றில் விழுந்ததையும், அப்பா வடத்தைப் பிடித்து இறங்கி அதைத் தோளில் போட்டு ஏறியதையும், விடிவதற்குள் அது செத்ததையும், கொல்லையில் புதைத்து மேலே எலுமிச்சங்கன்று வைத்ததையும், அதன் பிறகு அவர் வேட்டைக்கே போகாததையும் கடிதத்தின் கடைசியில் ஏதோ பின்குறிப்புப் போல எழுதியிருக்கிறீர்கள். அந்த மரத்துக் காயில்தான் ஆண்டுதோறும் ஊறுகாய் போடுகிறீர்களாம். மலரின் முதல் பக்கம் அதுவாகவே இருக்கட்டும். எழுதி முடித்ததும், அச்சுக்குக் கொடுக்கும் முன் உங்கள் அண்ணனை உட்கார வைத்து வாசித்துக் காட்டுங்கள். அன்றிரவு, பன்னிரண்டு வயதில், கிணற்று மேட்டில் அரிக்கேன் விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர்தானே.