பட்டையில் போட்ட கோடு

அன்புள்ள அக்காவுக்கு,

பள்ளிக் காலத்தில் முதுகு வளைவுக்காக மூன்று ஆண்டுகள் பிரேஸ் (உடம்பைச் சுற்றிப் பட்டையால் இறுக்கும் கெட்டி பிளாஸ்டிக் கூடு) போட்டிருந்ததாக ஒரு கட்டுரையில் போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரியை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

என் மகளுக்கு 12 வயது. ஸ்கோலியோசிஸ், அதாவது முதுகுத்தண்டு பக்கவாட்டில் வளைவது. வளைவு 31 டிகிரி. இன்னும் நிறைய வளர வேண்டிய பெண், ஒரு நாளைக்கு 20 மணி நேரம் பிரேஸ் போட வேண்டும் என்று டாக்டர் சொன்னார். போட ஆரம்பித்து ஐந்து வாரம் ஆகிறது. முதல் வாரம் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் இடுப்பு சிவந்தது, சாப்பிட முடியவில்லை, உட்கார முடியவில்லை என்று தினம் ஒரு புகார். தோழிகளோடு வெளியே போவதையே நிறுத்திவிட்டாள். போன வாரம் நடு இரவில் எழுந்து பார்த்தேன். எதுவரை இழுக்க வேண்டும் என்று பட்டையில் பேனாவால் கோடு போட்டுக் கொடுத்திருந்தார்கள். அதிலிருந்து இரண்டு விரல் அளவு தளர்த்திவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். காலையில் கத்திவிட்டேன். "நீ ஒரு நாள் போட்டுப் பாரு" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை.

கனமான பையைத் தூக்கவிட்டதால் வந்ததோ, கூன் போட்டு உட்கார்ந்தபோதே அதட்டியிருக்க வேண்டுமோ என்று மனதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. எலாஸ்டிக் பெல்ட் இருக்கிறதே, அதற்கு மாற்றிவிடலாம் என்கிறார்கள் வீட்டில். இவ்வளவு அழவைத்துப் போடுவதற்குப் பலன் உண்டா? நீங்கள் எப்படித் தாங்கினீர்கள்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

நான் ஒழுங்காகத் தாங்கவில்லை. என் பட்டைகளிலும் கோடு இருந்தது. மூன்று பட்டை, மூன்று கோடு. இந்த விஷயத்தில் நான் உங்கள் மகளைவிடக் கைதேர்ந்தவள். பழைய கோட்டை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிட்டு, ஓர் அங்குலம் தள்ளி அதே நீல மையில் புதுக் கோடு போட்டேன். அம்மா தினமும் இரவில் வந்து பார்ப்பாள். கோடு சரியாக இருக்கும். நிம்மதியாகத் தூங்கப் போவாள்.

இரண்டு மாதம் இந்த மோசடி ஓடியது. மறுபடி பார்க்கப் போனபோது, பிரேஸ் செய்தவர் அதைக் கழற்றிப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிட்டார். கோட்டைப் பார்த்து அல்ல, தோலைப் பார்த்து. சிவந்திருக்க வேண்டிய விலாப் பக்கம் சாதாரணமாக இருந்தது. சிவக்கக் கூடாத இடுப்பெலும்பு மேட்டில் தோல் உரிந்திருந்தது. தளர்வான பிரேஸ் ஓரிடத்தில் நிற்காது. மூச்சுக்கு ஒரு தடவை, அடிக்கு ஒரு தடவை மேலும் கீழும் நகர்ந்து தேய்க்கும். அளவு பெரிய செருப்பு காலைக் கடிப்பதுபோல. வலி தாங்காமல் தளர்த்தினேன், தளர்த்தியதால் இன்னும் வலித்தது, அதனால் இன்னும் தளர்த்தினேன். உங்கள் மகளின் இடுப்புச் சிவப்பும் இந்தக் கணக்கில் வந்ததாக இருக்கலாம். திட்டுவதற்கு முன் அதைப் பாருங்கள்.

விலாவின் மேல், பிரேஸுக்குள் இருக்கும் மெத்தை அழுத்துகிற இடத்தில் வரும் சிவப்பு எதிர்பார்த்ததுதான். கழற்றிய அரை மணி நேரத்துக்குள் அது மங்கிவிட வேண்டும். மங்காமல் நின்றாலோ, எலும்பு மேட்டில் வந்தாலோ, பிரேஸ் செய்து கொடுத்த ஆர்த்தோட்டிஸ்டிடம் போய்க் காட்டுங்கள். ஓரத்தைச் சூடாக்கி வளைத்தோ, கொஞ்சம் செதுக்கியோ தருவார்கள். அது அவர்களுடைய வேலை, தொந்தரவு கொடுக்கிறோமே என்று தயங்க வேண்டாம். கொப்புளமோ புண்ணோ வந்தாலும், கால் மரத்துப்போனாலும், மூச்சு முட்டினாலும் உடனே கழற்றிவிட்டு அவர்களைக் கூப்பிடுங்கள். அந்த வலியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லக் கூடாது.

சரி, உள்ளே போடும் பனியன். பாதி வெற்றி அதில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. உடம்போடு ஒட்டிய, பிரேஸைவிட நீளமான பருத்தி பனியன் வேண்டும். பக்கவாட்டில் தையல் இல்லாதது கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் உள்வெளியாகத் திருப்பிப் போட்டால் தையல் தோலில் படாது. பிரேஸை மாட்டிய பிறகு பனியனைக் கீழிருந்து இழுத்துவிட வேண்டும். ஒரே ஒரு மடிப்பு உள்ளே மாட்டினாலும் மாலைக்குள் தோலில் வாய்க்கால் வெட்டிவிடும். வியர்த்தால் மாற்ற இன்னொரு பனியன் எப்போதும் பையில் இருக்கட்டும். பிரேஸுக்குள் கிரீம், எண்ணெய், பவுடர் எதுவும் வேண்டாம். தோலை மென்மையாக்குவது இந்த நேரத்தில் உதவியல்ல. பிரேஸின் உட்பக்கத்தைத் தினமும் சோப்புத் தண்ணீர் தொட்ட துணியால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். வெயிலிலோ சூடான காருக்குள்ளோ வைத்துவிடாதீர்கள், பிளாஸ்டிக் உருவம் மாறிவிடும்.

கழிப்பறைச் சங்கடத்தை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. உள்ளாடையை பிரேஸுக்கு மேலே போட்டால் பிரேஸைக் கழற்றாமலே போய் வரலாம். இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரமும் பள்ளியில் தண்ணீரே குடிக்காமல் இருந்தேன். உங்கள் மகளிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுங்கள். வயிறு விரிய இடமில்லை. குனிய முடியாததால் ஷூவை பிரேஸ் போடுவதற்கு முன்பே மாட்டிக்கொள்ளட்டும். தரையில் விழுந்த பென்சிலை இடுப்பை வளைத்து எடுக்க முடியாது, முட்டியை மடக்க வேண்டும். தாழ்ந்த சோபாவில் உட்கார்ந்தால் பிரேஸ் தொடையில் குத்தி, அக்குளுக்கு ஏறும். கொஞ்சம் உயரமான, கெட்டியான நாற்காலி போதும். தூக்கம் வர ஒரு மாதம்கூட ஆகும். ஒருக்களித்துப் படுத்து முட்டிகளுக்கு நடுவே தலையணை வைத்துக்கொண்டால் எனக்கு வந்தது.

இனி பலன். பிரேஸ் வளைவை நிமிர்த்திக் குணப்படுத்துவதில்லை. வளர்கிற காலத்தில் வளைவு மேலும் ஏறாமல் பிடித்து வைக்கிறது. அவ்வளவுதான் அதன் வேலை, அது சின்ன வேலையும் இல்லை. முதுகுத்தண்டு பக்கவாட்டில் மட்டும் வளைவதில்லை, கூடவே முறுக்கிக்கொள்ளும். அதனால் பிரேஸ் சில இடங்களில் அழுத்தி, அதற்கு எதிர்ப்பக்கம் காலி இடம் விட்டிருக்கும். உடம்பு அந்தக் காலி இடத்தை நோக்கி நகர வேண்டும், மூச்சும் அங்கேதான் விரிய வேண்டும். "இங்கே தொளதொளவென்று இருக்கிறதே" என்று அதில் துணியைச் செருகிவிடாதீர்கள். என் அத்தை பாசத்தோடு செய்த காரியம் அது.

பிரேஸால் உண்மையிலேயே பலன் உண்டா என்பதில் மருத்துவர்களுக்கே வெகுகாலம் ஒருமித்த கருத்து கிடையாது. அமெரிக்காவிலும் கனடாவிலும் பல மருத்துவமனைகளில் நடந்த ஒரு பெரிய ஆய்வு 2013இல் வெளியானது. வளைவு 50 டிகிரியைத் தொடாமல் வளர்ச்சி முடிந்தால் வெற்றி என்று வைத்துக்கொண்டார்கள். 50 என்பது அறுவைசிகிச்சை பற்றிய பேச்சு வருகிற இடம். பிரேஸ் போட்டவர்களில் 72 சதவீதம் பேருக்கு வெற்றி. போடாமல் கண்காணிப்பில் மட்டும் இருந்தவர்களில் 48 சதவீதம். வித்தியாசம் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். அந்த 48ஐ மறைக்காமல் சொல்கிறேன். பிரேஸ் இல்லாமலே தப்பித்துவிடுகிற பிள்ளைகள் உண்டு. யார் தப்புவார்கள் என்று முன்கூட்டிச் சொல்லத் தெரியாததால்தான் எல்லோருக்கும் போடச் சொல்கிறார்கள்.

எனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான். அந்தப் பிள்ளைகளின் பிரேஸுக்குள் வெப்பத்தை உணரும் ஒரு சின்னக் கருவி வைத்திருந்தார்கள். உடம்புச் சூடு பட்டால் போட்டிருக்கிறார்கள், ஆறினால் கழற்றிவிட்டார்கள் என்று அது குறித்துவைக்கும். அம்மாக்களை ஏமாற்றலாம், அதை ஏமாற்ற முடியாது! ஒரு நாளைக்குச் சராசரியாக 12.9 மணி நேரமாவது போட்டிருந்தவர்களில் 90 முதல் 93 சதவீதம் பேர் வெற்றிப் பக்கம் இருந்தார்கள். இதைப் படித்துவிட்டு, அப்படியானால் 13 மணி நேரம் போதுமே என்று நீங்களாகக் குறைத்துவிடாதீர்கள். வளைவின் அளவையும் மீதி வளர்ச்சியையும் பார்த்து டாக்டர் சொன்ன எண் 20. ஆனால் ஒரு நாள் 17 மணி நேரத்தோடு நின்றுவிட்டால் எல்லாம் பாழாகிவிட்டது என்று வீட்டை இழவு வீடாக்க வேண்டியதில்லை. மறுநாள் போட்டால் போதும்.

எலாஸ்டிக் பெல்ட் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். தோளைப் பின்னுக்கு இழுக்கும் பெல்ட் வேறு, பிரேஸ் வேறு. நிமிர்ந்து உட்கார அந்த பெல்ட் நினைவூட்டலாம், 31 டிகிரி வளைவைப் பிடித்து நிறுத்தாது. ஸ்கோலியோசிஸுக்கென்றே 1990களில் மாண்ட்ரியாலில் உருவாக்கிய எலாஸ்டிக் பட்டை பிரேஸ் ஒன்று உண்டு. அதையும் ஆளுக்கு ஆள் அளவு பார்த்துத்தான் மாட்டுவார்கள். கெட்டி பிரேஸோடு நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வில் அது பின்தங்கியது. வளர்ச்சி முடிந்த பெரியவர்கள் வலிக்காக மென்மையான பெல்ட் போடுவது உண்டு. நானும் நீண்ட நேரம் நிற்க வேண்டிய நாளில் போட்டுக்கொள்கிறேன். அது வலிக்கான ஊன்றுகோல் மட்டும்.

பையாலும் வரவில்லை, கூன் போட்டதாலும் வரவில்லை. இந்த வயதில் வரும் ஸ்கோலியோசிஸில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் தெரியாது, குடும்பத்தில் தொடர்வதும் உண்டு. அந்தக் குற்ற உணர்ச்சியை இறக்கி வையுங்கள். அது உங்களை இராக்காவல்காரியாக்குவதைத் தவிர வேறு எதற்கும் பயன்படாது.

"நீ ஒரு நாள் போட்டுப் பாரு" என்றாளே, அதற்கு என்ன பதில் சொல்லியிருக்கலாம்? அவள் உடம்புக்கென்று அச்செடுத்துச் செய்தது உங்களுக்குப் பொருந்தாது. "என்னால் முடியாது, உனக்கு எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது" என்பதுதான் உண்மை. அதையே சொல்லுங்கள். உசேன் போல்ட்டுக்கும் ஸ்கோலியோசிஸ்தான் என்று யாராவது எடுத்துக் கொடுப்பார்கள். உண்மைதான். ஆனால் பன்னிரண்டு வயதில் என்னிடம் யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் பிரேஸோடு அவர் மேல் மோதியிருப்பேன்.

20 மணி நேரம் போக நான்கு மணி நேரம் மிச்சம் இருக்கிறது. குளியல், விளையாட்டு, பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்த உடற்பயிற்சி எல்லாம் அதில்தான் நடக்க வேண்டும். அந்த நான்கு மணி நேரத்தை யார் பங்கு போடுகிறார்கள் உங்கள் வீட்டில்? நீங்கள் என்றால், அவளிடம் கொடுத்துவிடுங்கள். தோழிகளோடு வெளியே போகும்போது கழற்றிவிட்டுப் போக ஆசைப்பட்டால் போகட்டும். ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு அழகான சட்டை போட வேண்டுமென்றால் அந்த நேரத்தை அங்கே செலவழிக்கட்டும். கணக்கை அவளே எழுதி வைக்கட்டும், நீங்கள் வாரத்துக்கு ஒரு முறை பார்த்தால் போதும்.

தோழிகளிடம் சொல்வதா வேண்டாமா என்பதும் அவள் முடிவு. நான் ஒருத்தியிடம் மட்டும் சொன்னேன். அவள் என் வயிற்றில் விரல் மடக்கி டொக் டொக் என்று தட்டி, "உள்ளே யாராவது இருக்கீங்களா?" என்றாள். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்துவிட்டேன். ஒரு வாரத்தில் எல்லோரும் தட்டிப் பார்த்து அலுத்துப்போனார்கள். எல்லாருக்கும் இப்படி நல்லபடியாக முடியும் என்று உறுதி சொல்ல மாட்டேன்.

பிரேஸோடு ஒரு எக்ஸ்ரே எடுக்கச் சொல்வார்கள். அதில் வளைவு நன்றாகக் குறைந்து தெரிந்தால் பிரேஸ் சரியாக உட்கார்ந்திருக்கிறது என்று பொருள், குணமாகிவிட்டது என்று பொருளல்ல. அந்தப் படத்தை அவளிடம் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அடுத்தடுத்த எக்ஸ்ரேக்களில் இரண்டு மூன்று டிகிரி ஏறி இறங்கினால் அலற வேண்டாம். அளக்கும் முறையிலேயே ஐந்து டிகிரி வரை முன்பின் ஆகும்.

என் கோட்டுக் கதைக்கு வருகிறேன். அந்த ஆர்த்தோட்டிஸ்ட் என் அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. ஓரத்தைச் செதுக்கினார், பட்டைகளை இழுத்தார், "மூச்சு விடு, எங்கே குத்துகிறது சொல்" என்று நான்கு தடவை கேட்டார். அப்புறம் பேனாவை என் கையில் கொடுத்துவிட்டார். எதிரே கண்ணாடியைப் பார்த்தபடி மூன்று கோடும் நானே போட்டேன். அதன் பிறகும் தளர்த்தியிருக்கிறேன், பரீட்சைக் காலத்தில், காய்ச்சலில், வெறும் கோபத்தில். ஆனால் கோட்டை அழிக்கவில்லை.

எக்ஸ்ரே எடுத்ததும் எழுதுங்கள். அவளுக்கே எழுதத் தோன்றினால் அவள் எழுதட்டும், அதை நீங்கள் படித்துப் பார்க்காமல் அனுப்பிவிடுங்கள்.