சபைக்கு எழுதிக் கொடுத்த வீட்டில் அம்மாவின் பங்கு எவ்வளவு?

கேள்வி: நாங்கள் மூன்று தலைமுறையாக சி.எஸ்.ஐ. சபைக் குடும்பம். மூன்று வருடங்களுக்கு முன் அப்பா இறந்தார். அதன் பிறகு அம்மா (வயது 68) ஒரு தனி ஊழியக்காரரின் சபைக்குப் போக ஆரம்பித்தார். அவர் தன்னைக் கடைசிக்காலத் தீர்க்கதரிசி என்று சொல்லிக்கொள்கிறார். தன் சபையைத் தவிர மற்ற எல்லாச் சபைகளும் பாபிலோன் என்பது அவருடைய போதனை. எட்டு மாதங்களுக்கு முன், அப்பா கட்டிய வீட்டை அம்மா அவர் பெயருக்குத் தானமாக எழுதிக் கொடுத்துவிட்டார். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்டால், "உலகத்தாரிடம் யோசனை கேட்கக் கூடாது என்று ஐயா சொல்லியிருக்கிறார்" என்கிறார். இப்போது வீட்டு வாசலில் சபைப் பலகை தொங்குகிறது. சர்க்கரை மாத்திரையையும் நிறுத்திவிட்டார். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த என் தம்பி (24) படிப்பை விட்டு அவர்களுடைய ஊழிய வீட்டில் தங்கிவிட்டான். இந்தச் சபையைத் தடை செய்ய முடியுமா? மதமாற்றத் தடைச் சட்டம் உதவுமா? தம்பிக்கு ஆட்கொணர்வு மனு போடலாமா? நான் திருமணமாகி வேறு ஊரில் இருக்கிறேன்.

பதில்: சகோதரி, நீங்கள் கேட்ட மூன்றுக்கும் நான் சொல்லப்போவது உங்களுக்குப் பிடிக்காது. ஆனால் நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்று கடிதத்திலேயே இருக்கிறது. "அப்பா கட்டிய வீடு" என்று எழுதியிருக்கிறீர்களே, மனை யார் பெயரில் இருந்தது?

அப்பா பெயரில் இருந்து, அவர் உயில் எழுதாமல் இறந்திருந்தால், அந்த வீடு முழுவதும் அம்மாவுக்கு வரவே இல்லை. கிறிஸ்தவர்களுக்குப் பொருந்துவது 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி இரண்டு பங்கு பிள்ளைகளுக்குச் சமமாக. ஆணும் பெண்ணும் ஒன்றுதான். கல்யாணமாகிப் போனவள், நகை போட்டு அனுப்பியாயிற்று என்பதெல்லாம் வீட்டுத் திண்ணையில் பேசுகிற பேச்சு, அதற்குச் சட்டத்தில் இடமில்லை. (திருவிதாங்கூர்ப் பகுதிக் கிறிஸ்தவப் பெண்களுக்கு இந்தச் சம உரிமை உறுதியானது 1986-ல், மேரி ராய் வழக்குக்குப் பிறகுதான்.) ஆக வீட்டில் ஒரு பங்கு அம்மாவுக்கு, ஒன்று உங்களுக்கு, ஒன்று தம்பிக்கு. தன்னிடம் இல்லாததை யாரும் தானம் கொடுக்க முடியாது. முழு வீட்டையும் எழுதியிருந்தாலும் அந்தப் பத்திரம் செல்லுவது அம்மாவின் மூன்றில் ஒன்றுக்கு மட்டும்தான்.

உங்கள் பங்கைப் பொறுத்தவரை அந்தப் பத்திரத்தை ரத்து செய்யச் சொல்லி நீங்கள் போக வேண்டியதில்லை. அதில் கையெழுத்துப் போடாதவர் நீங்கள். அது என் பங்கைக் கட்டுப்படுத்தாது என்ற நீதிமன்ற அறிவிப்பையும் (விளம்புகை) பாகப்பிரிவினையும் கேட்டு வழக்குத் தொடரலாம். கூடவே, வழக்கு முடியும்வரை வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது என்று இடைக்காலத் தடை கேளுங்கள். சொத்து மாற்றுச் சட்டத்தின் 44-ஆவது பிரிவில் இன்னொரு சாதகம் உண்டு. பிரிக்கப்படாத குடும்பத்தின் குடியிருப்பு வீட்டில் ஒரு பங்கை வாங்கிய வெளியாள், உள்ளே வந்து மற்றவர்களோடு கூட்டாக அனுபவிக்க உரிமை கோர முடியாது. அவர் பாகம் கேட்டு வழக்குப் போட்டால், 1893-ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டப்படி நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்கு அந்தப் பங்கை நீங்களே வாங்கிக்கொள்ள முடியும். "பிரிக்கப்படாத குடும்பம்" என்ற சொல்லைப் பார்த்து இது இந்துக்களுக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். மதம் பார்க்காமல் எல்லாக் குடும்பங்களுக்கும் பொருந்தும் என்று நீதிமன்றங்கள் நூறு வருடங்களுக்கு மேலாகச் சொல்லி வருகின்றன.

ஒரு எச்சரிக்கை. தம்பிக்கும் ஒரு பங்கு இருக்கிறது, அவன் மேஜர். நாளைக்கே அவனும் எழுதிக் கொடுத்தால் வீட்டின் பெரும்பகுதி அந்தப் பக்கம் போய்விடும். அவன் அங்கே போனதற்காக அவனோடு சண்டை போட்டுக்கொண்டு பேச்சை நிறுத்திவிடாதீர்கள்.

இனி அம்மாவின் பங்கு. தன் பங்கை விருப்பப்பட்டவருக்குக் கொடுக்க அவருக்கு முழு உரிமை உண்டு. "தாத்தா சொத்து, பிறப்புரிமை" என்ற வாதம் கிறிஸ்தவக் குடும்பத்தில் எடுபடாது, அது இந்துக் கூட்டுக்குடும்பச் சட்டத்தில் வருவது. நீதிமன்றத்தில் எடுபடக்கூடிய ஒரே கேள்வி, அந்தக் கையெழுத்து எப்படி வாங்கப்பட்டது என்பது. இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 16 இதைத் தகாத செல்வாக்கு என்கிறது. ஒருவருடைய மனத்தை ஆளும் நிலையில் இருப்பவர் அந்த நிலையைப் பயன்படுத்தி முறையற்ற ஆதாயம் அடைந்தால் அந்த ஏற்பாட்டை ரத்து செய்யலாம். குரு, போதகர், மடாதிபதி போன்றவர்கள் இந்த வகையில் முதல் வரிசையில் நிற்பவர்கள். அப்படி ஆளும் நிலை இருந்தது, கொடுக்கல் வாங்கல் நியாயத்துக்குப் புறம்பாகத் தெரிகிறது என்று காட்டிவிட்டால், தகாத செல்வாக்கு இல்லை என்று நிரூபிக்கும் பாரம் வாங்கியவர் தலையில் விழும். 1890-லேயே அலகாபாத் உயர் நீதிமன்றத்துக்கு இப்படி ஒரு வழக்கு வந்தது. மறுமையில் ஆத்மாவுக்கு நன்மை என்று நம்பி ஒரு முதியவர் தன் சொத்தையெல்லாம் குருவுக்கு எழுதிவைத்தார். அந்தத் தானம் ரத்தானது. கொடுத்தவர் இந்து, வாங்கியவரும் இந்து. சபையோ மடமோ, அளவுகோல் ஒன்றுதான்.

உங்கள் கடிதத்தில் நான் அடிக்கோடு போட்டது "உலகத்தாரிடம் யோசனை கேட்கக் கூடாது" என்ற வரியை. இந்தத் துறையின் மூலவழக்கு, 1887-ல் இங்கிலாந்தில் தீர்ப்பான ஆல்கார்ட் எதிர் ஸ்கின்னர், ஏறக்குறைய இதே வரியைச் சுற்றித்தான் சுழன்றது. ஆங்கிலிக்கன் சகோதரிகள் சங்கம் ஒன்றில் சேர்ந்த ஆல்கார்ட் என்ற பெண், பணத்தையும் பங்குப் பத்திரங்களையும் மடத்தலைவியிடம் ஒப்படைத்தார். தலைவியின் அனுமதி இல்லாமல் வெளியாள் யாரிடமும் ஆலோசனை கேட்கக் கூடாது என்பது அந்தச் சங்கத்தின் விதி. யாரும் மிரட்டவில்லை, தலைவி தனக்கென்று ஒரு காசு எடுத்துக்கொள்ளவும் இல்லை. ஆனாலும் சுயேச்சையான ஆலோசனைக்கு வழியே இல்லாத நிலையில் கொடுத்த தானம் நிற்காது என்று நீதிபதிகள் கருதினார்கள்.

அப்படியும் ஆல்கார்ட் தோற்றார். 1879-ல் சங்கத்தை விட்டு வெளியேறியவர் 1885-ல்தான் வழக்குப் போட்டார். உரிமை தெரிந்தும் ஆறு வருடம் சும்மா இருந்துவிட்டாரே என்று பெரும்பான்மை நீதிபதிகள் கைவிரித்தார்கள். நம் நாட்டில் இதற்குக் காலவரையறைச் சட்டம் தரும் கெடு மூன்றே வருடம். உங்களுக்கு எட்டு மாதம் போய்விட்டது.

இதில் கசப்பான பகுதி ஒன்று இருக்கிறது. தகாத செல்வாக்கைக் காரணம் காட்டி ரத்து கேட்கும் உரிமை, அந்தச் செல்வாக்குக்கு ஆளானவருக்குத்தான். அதாவது அம்மா உயிரோடு இருக்கும்வரை அம்மாவுக்கு. அவர் பங்குக்காக அவருடைய மகள் போட முடியாது. ஜப்பானில், தாய் ஒரு மத அமைப்புக்குப் பெரும் நன்கொடை கொடுத்ததில் குடும்பம் நொடித்துப்போன ஒருவர் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபேயைக் கொன்ற பிறகு, 2022 டிசம்பரில், மத அமைப்புகள் மனத்தைக் கலைத்து வாங்கும் நன்கொடைகளைக் கட்டுப்படுத்த ஒரு சட்டம் வந்தது. கொடுத்தவரை நம்பி வாழும் மனைவியும் பிள்ளைகளும்கூடத் தங்கள் ஜீவனாம்ச அளவுக்கு நன்கொடையைத் திரும்பக் கேட்க அதில் வழி வைத்திருக்கிறார்கள். நமக்கு அப்படி ஒன்று இல்லை. இருந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

எனவே அம்மாவே வர வேண்டும். அவர் மனம் மாறும் நாளில் எளிய வழி ஒன்றும் உண்டு. 2007-ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டம் பிரிவு 23-ன்படி, "என்னைக் கடைசிவரை பார்த்துக்கொள்ள வேண்டும்" என்ற நிபந்தனையோடு கொடுத்து, அவர்கள் பார்த்துக்கொள்ளாவிட்டால், கோட்டாட்சியர் முன்னால் உள்ள தீர்ப்பாயமே பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்கலாம். ஆனால் நிபந்தனை இருந்தது என்பதைக் காட்டியாக வேண்டும்.

அம்மாவுக்குத் திரும்பி வரும் வாசல் திறந்தே இருக்க வேண்டும். "அந்த ஆள் திருடன்" என்று நீங்கள் ஆரம்பித்தால், உபத்திரவம் வரும் என்று ஐயா முன்கூட்டியே சொல்லிவைத்தது பலித்துவிட்டதாகத்தான் அவருக்குத் தோன்றும். என் அறைக்கு வந்த குடும்பங்களில் இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

தடை செய்யலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். முடியாது. ஒரு போதனை வேதத்துக்கு ஒத்ததா, கள்ள உபதேசமா என்று எந்த நீதிபதியும் தீர்ப்பு எழுதமாட்டார். 1985-ல் கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் குடும்பத்துப் பிள்ளைகள் மூன்று பேர், தேசிய கீதம் பாடும்போது எழுந்து நின்றார்கள், ஆனால் பாடவில்லை என்பதற்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். பிஜோ இம்மானுவேல் வழக்கில் 1986-ல் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. நம்பிக்கை நமக்கு விசித்திரமாகப் படுகிறதா என்பது அளவுகோல் இல்லை, அது உண்மையாகவும் மனச்சாட்சிப்படியும் கடைப்பிடிக்கப்படுகிறதா என்பதே கேள்வி என்றது நீதிமன்றம். அதே அரசியல் சாசனத்தின் 25-ஆவது பிரிவு பொது ஒழுங்கு, ஒழுக்கநெறி, சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு என்றுதான் தொடங்குகிறது. அதனால் குறிப்பிட்ட ஒரு செயல் குற்றமானால் அந்தச் செயலுக்கு வழக்குப் போடலாம். மதமாற்றத் தடைச் சட்டம் தமிழ்நாட்டில் 2002-ல் வந்து 2004-ல் போய்விட்டது. ஒரு கிறிஸ்தவச் சபையிலிருந்து இன்னொன்றுக்குப் போவது மதமாற்றமும் ஆகாது.

தம்பிக்கு ஆட்கொணர்வு மனு போட்டால், நீதிபதி அவனைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "உன் விருப்பப்படிதான் இருக்கிறாயா?" ஆம் என்றால் கதை முடிந்தது. 2018-ல், மதம் மாறித் திருமணம் செய்துகொண்ட கேரளப் பெண் ஹாதியாவின் வழக்கிலும், 2024-ல் கோவை ஈஷா மையத்தில் இருந்த இரண்டு பெண்களுக்காகப் போடப்பட்ட மனுவிலும் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் முடித்தது. அதோடு, நீதிமன்றத்தில் ஜெயித்த சாட்சியாக அவனைச் சபையில் மேடையேற்றுவார்கள். அவனை வெளியே வர விடாமல் பூட்டி வைத்திருக்கிறார்கள், சான்றிதழ்களைப் பிடுங்கி வைத்திருக்கிறார்கள் என்று உறுதியாகத் தெரிந்தால் நிலைமை வேறு, அப்போது உடனே வாருங்கள். ஆள் வைத்துத் தூக்கி வந்து அறையில் அடைத்துப் புத்தி சொல்லலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள். அது சட்டவிரோத அடைப்பு, குற்றவாளியாக நிற்பது நீங்கள். அமெரிக்காவில் 1970-களில் இதையே தொழிலாகச் செய்த டெட் பாட்ரிக் என்பவர் தண்டனை பெற்றார்.

மாத்திரை விஷயம்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. சுயநினைவோடு இருக்கும் ஒருவர் சிகிச்சை வேண்டாம் என்று மறுக்கலாம், அது அவர் உரிமை. ஆனால் அவரை மறுக்க வைத்தது என்ன என்று கேட்டுப் பாருங்கள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 508-ஆவது பிரிவு என்று ஒன்று இருந்தது, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 354. கடவுளின் கோபத்துக்கு ஆளாவாய் என்று நம்பவைத்து ஒருவரை ஒன்றைச் செய்யவோ செய்யாமல் விடவோ வைப்பது குற்றம், ஒரு வருடம்வரை சிறை. அதன் பழைய உதாரணமே சுவையானது: ஒருவர் வீட்டு வாசலில் தர்ணா உட்கார்ந்து, அதனால் அந்த வீட்டுக்காரர் தெய்வக் குற்றத்துக்கு ஆளாவார் என்று நம்பவைப்பது. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மிரட்டுபவரின் ஏதோ ஒரு செயலால் அந்தக் கோபம் வரும் என்று நம்பவைத்திருக்க வேண்டும். "விசுவாசம் இல்லாதவன்தான் மாத்திரை போடுவான்" என்பது பிரசங்கம், அதில் வழக்கு நிற்காது. "மாத்திரை போட்டால் உன்னைச் சபித்துவிடுவேன், அக்கினி இறங்கும்" என்பது இந்தப் பிரிவுக்குள் வரும். போலீஸ் நேரடியாகப் பதிவு செய்ய முடியாத குற்றம் இது, நடுவர் நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். அவர்கள் துண்டறிக்கையிலோ வீடியோவிலோ சர்க்கரை நோய், புற்றுநோய் குணமாகும் என்று எண்ணெய், தாயத்து மாதிரி எதையாவது விளம்பரம் செய்தால், 1954-ஆம் ஆண்டின் மருந்து மற்றும் மந்திரப் பரிகார விளம்பரச் சட்டமும் இருக்கிறது. துண்டறிக்கை ஒன்றை எடுத்து வையுங்கள். நீங்களாக எதையும் முகநூலில் போடாதீர்கள், அவதூறு வழக்கில் நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள்.

இந்த வாரமே செய்ய வேண்டியது: பதிவு அலுவலகத்தில் வில்லங்கச் சான்றும் தானப் பத்திரத்தின் சான்றிட்ட நகலும் வாங்குங்கள். அப்பாவின் பெயருக்கு வந்த மூலப்பத்திரத்தைத் தேடுங்கள், வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பியுங்கள். நகல் கைக்கு வந்ததும் "யாருடைய தூண்டுதலும் இன்றி, முழு மனதுடன்" என்ற வரியைப் பார்த்து மிரளாதீர்கள், அது எல்லாப் பத்திரத்திலும் அச்சடித்த மாதிரி இருக்கும். கடைசிப் பக்கத்துக்குப் போங்கள். சாட்சிக் கையெழுத்துப் போட்ட இரண்டு பேர் யார், அவர்கள் முகவரி என்ன, பத்திரம் எழுதியவர் யார், முத்திரைத்தாள் யார் பெயரில் வாங்கப்பட்டது என்று பாருங்கள். இரண்டு சாட்சிகளும் ஊழிய வீட்டு முகவரியில் இருந்து, அம்மா பக்கத்தில் அன்று சொந்தக்காரர் ஒருவர்கூட இல்லை என்றால், அந்தப் பக்கத்தை எனக்கு அனுப்பிவையுங்கள்.