பதில்: மருத்துவமனைத் தளத்தில் தமிழ் உடைந்து தெரிவது

வணக்கம் சார். மன்னார்குடி பக்கம் உங்கள் அறக்கட்டளைக் கண் மருத்துவமனையின் பழைய தளம் போனில் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்தாகக் கொட்டுகிறது, முழுசாகப் புதிதாகச் செய்யணுமா என்று கேட்டிருந்தீர்கள். அதற்காக வேண்டாம். பார்த்தால் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டியது மாதிரி இருக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத கருவியில் அப்படித்தான் தெரியும். கூகுளில் தமிழில் தேடினாலும் சிக்காது. எல்லாக் கருவியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறைக்கு, ஒரு மாற்றியில் போட்டு எடுத்து, ஒருவரை உட்கார வைத்து வரிவரியாகச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

முகப்பில் ஓடும் படங்களையும் நிறுவனர் உரையையும் உள்பக்கம் தள்ளுங்கள் (கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை). முத்துப்பேட்டைப் பாட்டியைக் கூட்டிவரும் பேரனுக்கு வேண்டியது இன்றைக்கு டாக்டர் உண்டா, டோக்கன் எத்தனை மணிவரை, எந்த ஸ்டாப்பில் இறங்குவது என்பதுதான். போன் நம்பரைப் படமாக வைக்காமல், தொட்டதும் அழைப்பு போகிற மாதிரி வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் முகாம் தள்ளிப்போனால் வரவேற்பில் இருப்பவரே அறிவிப்பை மாற்ற முடியணும். அதற்கு டிசைனரைத் தேடி ஓடக் கூடாது.

நன்கொடைப் பக்கத்தில் 80ஜி (நன்கொடைக்கான வருமான வரிக்கழிவு) விவரத்தோடு, ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் வரிக்கழிவு கிடைக்காது என்பதையும் போடுங்கள். கண்ணில் கட்டோடு இருக்கும் நோயாளிகளின் படம், எழுத்தில் சம்மதம் வாங்கியிருந்தால் மட்டும்.