‘சுயேச்சை ஒப்பந்ததாரர்’ என்று கையெழுத்திட்ட பிறகு, ஊழியருக்குரிய விடுப்பு ஊதியத்தையும் கூடுதல் நேரப் பணத்தையும் கேட்க முடியுமா?

கேட்கலாம். கிடைக்குமா என்பது, பெரும்பாலும், கையெழுத்தைவிட வேலை அன்றாடம் எப்படி நடந்தது என்பதைப் பொறுத்தது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2006-இல் ஏற்ற 198-ஆவது பரிந்துரையும் ஒப்பந்தத்தில் இட்ட பெயரைவிட நடைமுறை உண்மைகளையே முதன்மையாகக் கொள்ளச் சொல்கிறது.

பிரிட்டனில் ஆட்டோகிளென்ஸ் நிறுவனத்துக்காகக் கார்களைச் சுத்தம் செய்தவர்களின் ஒப்பந்தத்தில், அவர்கள் துணை ஒப்பந்ததாரர்கள் என்றும், தமக்குப் பதிலாக வேறொருவரை அனுப்பலாம் என்றும், வேலைக்கு வந்தாக வேண்டிய கட்டாயம் இல்லை என்றும் எழுதப்பட்டிருந்தது. குறைந்தபட்ச ஊதியமும் ஊதியத்துடன் கூடிய விடுப்பும் கோரி அவர்கள் தொடுத்த வழக்கில், அந்த வாசகங்கள் இரு தரப்பின் உண்மையான உடன்பாட்டைக் காட்டவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தீர்ப்பளித்தது. அவர்கள் பெயரில் வந்த பில்களைத் தயாரித்ததுகூட நிறுவனம்தான். தனித்தொழில் செய்பவருக்கு எதிர்த்தரப்பே பில் போட்டுக்கொடுப்பது எவ்வளவு விசித்திரம்!

எல்லா இடத்திலும் இப்படியே நடக்கும் என்று நம்பிவிட வேண்டாம். ஆஸ்திரேலியாவில் ஒரே வணிக நிறுவனத்துக்காக ஏறத்தாழ 40 ஆண்டுகள் லாரி ஓட்டிய இருவர், சொந்த லாரியுடன் கூட்டு வணிகமாக ஒப்பந்தம் செய்திருந்ததால், ஊழியர்கள் அல்லர் என்று அந்நாட்டின் தலைமை நீதிமன்றம் 2022-இல் முடிவு செய்தது. எழுத்து ஒப்பந்தத்துக்கே முதலிடம் தந்த அந்த அணுகுமுறையை மாற்ற 2024-இல் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது. ஆகவே உங்கள் நாட்டுச் சட்டம் இன்று எந்த நிலையில் இருக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

அதைவிட அவசரமானது ஆதாரம். வேலை நேரத்தை யார் வகுத்தார், விடுப்புக்கு யாரிடம் அனுமதி கேட்டீர்கள், கூலியை யார் நிர்ணயித்தார், வந்த வேலையை மறுத்தபோது என்ன நடந்தது என்பவற்றைக் காட்டும் செய்திகளையும் பணி அட்டவணைகளையும், அலுவலகக் கணக்கு முடக்கப்படுவதற்கு முன்பே, வாடிக்கையாளர் ரகசியங்களைத் தொடாமல் சேமித்துக்கொள்ளுங்கள். நிலுவையைப் பொத்தாம்பொதுவாகக் கேட்காமல், தேதிவாரியாகக் கணக்கிட்டு எழுத்தில் கேளுங்கள். சுயதொழில் என்று காட்டி வரிச்சலுகை பெற்றிருந்தால் எதிர்த்தரப்பு அதை நிச்சயம் கிளறும். வழக்கறிஞரிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

விலையை நீங்களே வைத்து, பலருக்கும் வேலை செய்து, லாப நட்டத்தையும் நீங்களே ஏற்றிருந்தால் நீங்கள் உண்மையிலேயே ஒப்பந்ததாரராக இருக்கக்கூடும். அப்போதும் செய்த வேலைக்கு வராத பணத்தை ஒப்பந்தக் கடனாகக் கோரலாம். இரு வழிகளுக்கும் காலவரம்பு உண்டு, அது ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது என்பதற்காக அது தானாக நிற்பதும் இல்லை.