மறு: போன தடவை கேட்ட ஊசி இந்தத் தடவை ஏன் கேட்கவில்லை?

அக்கா, போன வருசம் பக்கத்துக் கிளினிக்கில் உடனே போட்ட டயசிபாம் ஊசியில் மகனுக்கு வலிப்பு நின்றது, இந்த முறை யாங்கோன் நெரிசலில் சிக்கி முக்கால் மணி நேரம் கழித்துப் போட்டதும் நிற்கவில்லை, போலி மருந்தோ என்று கேட்டிருக்கிறீர்கள். போலியே இல்லை என்று இங்கிருந்து சொல்ல முடியாது. ஆனால் தாமதம் ஒன்றே போதுமான காரணம்.

டயசிபாம் தானாக வலிப்பை அடக்குவதில்லை. நரம்பணுவின் மேற்பரப்பிலுள்ள காபா-ஏ ஏற்பிகளில் (வேதிச் செய்தியை வாங்கும் புரதங்கள்) ஒட்டி, மூளையே சுரக்கும் காபா என்ற வேதிப்பொருளின் அடக்கும் வேலையைக் கூட்டிவிடுகிறது, அவ்வளவுதான். வலிப்பு நீள நீள அந்த ஏற்பிகள் நரம்பணுவுக்குள் போய்விடுகின்றன. பற்றக் கொம்பில்லாத கொடிபோல மருந்து தவிக்கிறது. போதாக்குறைக்கு, கிளர்ச்சியைத் தூண்டும் என்எம்டிஏ ஏற்பிகள் மேற்பரப்பில் கூடுகின்றன. டாக்டர் அடுத்து லெவெடிராசிட்டம் என்ற வேறொரு வலிப்பு மருந்தை ஏற்றியது சரிதான். அது பிடிக்கும் இடமே வேறு, எஸ்வி2ஏ என்ற புரதம்.

இனி வலிப்பு 5 நிமிடம் தாண்டினால் காத்திருக்காதீர்கள். ஆசனவாய் வழி டயசிபாமோ, கன்னத்துக்குள் விடும் மிடசோலமோ வீட்டில் வைக்கலாமா, பையன் எடைக்கு எவ்வளவு என்று டாக்டரிடம் இப்போதே எழுதி வாங்குங்கள். கையில் சாவிக்கொத்தைத் திணிக்கப் பெரியவர்கள் ஓடிவருவார்கள், விடாதீர்கள். தினசரி மாத்திரையைச் சந்தேகப்பட்டு நிறுத்திவிட வேண்டாம்.