சிறு தொழில் நடத்துபவர்களுக்குப் பண்டமாற்று உண்மையிலேயே உதவுமா?

கையில் ரொக்கம் குறைந்து, இயந்திரமோ ஆளோ சும்மா இருக்கும்போதுதான் இந்தக் கேள்வி எழும் என்பதால், நீங்களும் அந்த நிலையில்தான் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். உதவும். ஆனால் முதல் முறை நான் ஏமாந்தேன், அதுவும் யாரும் என்னை ஏமாற்றாமலேயே.

நான் சிறிய அச்சகம் ஒன்றை நடத்துகிறேன். சில மாதங்கள் இரவும் பகலும் இயந்திரம் ஓடும். சில மாதங்கள் துணி போர்த்தி நிற்கும். அப்படியொரு மந்தமான காலத்தில், மரவேலைப் பட்டறை வைத்திருந்த ஒருவருக்கு விலைப்பட்டியல் புத்தகம் அச்சிட்டுக் கொடுத்தேன். ஈடாக அவர் தாள் அடுக்கும் அலமாரிகள் செய்து தருவதாகப் பேச்சு. எத்தனை அலமாரி, எந்தத் தேதிக்குள் என்று ஒரு வரிகூட எழுதிக்கொள்ளவில்லை. நான் பத்து நாளில் முடித்துக் கொடுத்துவிட்டேன். அவருக்கோ ரொக்கம் தரும் வேலைகள் வந்துகொண்டே இருந்ததால், என் அலமாரி எட்டு மாதம் தள்ளிப்போனது. பணப் பாக்கியை முகம் பார்த்துக் கேட்கத் தெரிந்த எனக்கு, வேலைப் பாக்கியைக் கேட்க நா எழவில்லை. இலவசமாகச் செய்யச் சொல்வதுபோல் எனக்கே தோன்றியது. அவரைக் குறை சொல்லவில்லை, அவர் இடத்தில் இருந்தால் நானும் ரொக்க வேலையைத்தான் முதலில் முடித்திருப்பேன்.

இதைவிடப் பெரிய தவறு, தாளையும் சேர்த்துக் கொடுத்தது. சும்மா நிற்கும் இயந்திரத்தின் நேரம் எனக்குப் பெரிய செலவில்லை. தாளும் அச்சுத் தகடும் ரொக்கம் கொடுத்து வாங்கியவை. இப்போது என் கணக்கருடன் பல ஆண்டுகளாக நடக்கும் மாற்றில், தாள் செலவை அவர் பணமாகத் தந்துவிடுகிறார். என் அச்சுக்கூலிக்கும் அவருடைய கட்டணத்துக்கும் மட்டுமே ஈடு. இருவரும் வழக்கமான விலையில் பில் போட்டு, மீதி வித்தியாசத்தைப் பணமாகத் தீர்த்துக்கொள்கிறோம். பணமே கைமாறாதபோது பில் எதற்கு என்பவர்களுக்கு: பல நாடுகளின் வரிச் சட்டம் பண்டமாற்றில் கிடைப்பதையும் அதன் சந்தை மதிப்பில் வருமானமாகவே கொள்கிறது.

இந்தச் சிக்கல்களுக்காகத்தானே பணம் வந்தது என்று பொருளாதாரம் படித்தவர்கள் கேட்கலாம். நியாயம்தான், வாடகையை நானும் அச்சிட்ட தாளால் கட்டவில்லை. ஆனால் என்னிடம் இருப்பது உங்களுக்கும், உங்களிடம் இருப்பது எனக்கும் ஒரே நேரத்தில் தேவைப்பட வேண்டும் என்ற முடிச்சை, சுவிட்சர்லாந்தில் 1934இல், பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவே தொடங்கிய விர் கூட்டுறவு அவிழ்த்துக் காட்டியது. அங்கே உறுப்பினருக்கு விற்றால் கணக்கில் விர் வரவு ஏறும், அதை வேறு எந்த உறுப்பினரிடமும் செலவிடலாம். ஒரு விர் ஒரு சுவிஸ் பிராங்குக்குச் சமம். பெரும்பாலும் சிறு, நடுத்தர நிறுவனங்களே உறுப்பினர்களாக உள்ள அது இன்றும் வங்கியாக இயங்குகிறது.

“இலவசமாக அச்சிட்டுக் கொடுங்கள், உங்களுக்கு விளம்பரம் கிடைக்கும்” என்று வருபவர்களும் இதைப் பண்டமாற்று என்றே சொல்கிறார்கள். அதற்கு அவர்கள் பில் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

அலமாரி ஒருவழியாக வந்து சேர்ந்தது. அளவையும் எழுதிக்கொள்ளாததால் முழுத் தாள் அதில் நுழையாது; பழைய பில் புத்தகங்களை அடுக்கி வைத்திருக்கிறேன்.