நியாயமான போனுக்கு ஸ்பேர் எங்கே?

கேள்வி: பெல்ஜியத்தில் வேலை பார்க்கும் என் காக்கா (அண்ணன்) டிசம்பரில் ஊருக்கு வருகிறார். ஃபேர்போன் என்று ஒன்று இருக்கிறதாம். சுரங்கத் தொழிலாளி, ஆலைத் தொழிலாளி இருவரின் கூலியையும் பார்த்துச் செய்கிற போனாம். கூகுள் இல்லாத ‘இ ஓஎஸ்’ இயங்குதளத்தோடும் வாங்கலாமாம். ‘வாங்கி வரட்டுமா?’ என்று கேட்கிறார். நான் ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன், நாள் முழுக்க யுபிஐ வரவுதான். இங்கே அந்தப் போன் பயன்படுமா?
— ஒரு வாசகர், கீழக்கரை

பதில்: வாங்கி வரட்டும். ஆனால் இரண்டாவது போனாக இருக்கட்டும். கடையில் இப்போது வைத்திருப்பதை ஓரங்கட்டிவிட்டு அதற்கு மாற வேண்டாம்.

முதலில் அந்த நிறுவனத்துக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுவோம். நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமில் 2013இல் தொடங்கியது. அதற்கு முன் அது வியாபாரமே அல்ல. காங்கோவில் ஆயுதக் குழுக்களின் பிடியில் இருக்கும் சுரங்கங்களின் தாது நம் சட்டைப்பைக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது என்று எடுத்துச் சொன்ன பிரசார இயக்கம். வெள்ளீயம், டான்டலம், டங்ஸ்டன், தங்கம் என்று அந்தப் பட்டியல் போகும். பேட்டரிக்குள் போகும் கோபால்ட் தனிக்கதை. போன் சீனாவில்தான் பூட்டப்படுகிறது. ஆனால் ஆலைத் தொழிலாளிக்கு வழக்கமான கூலிக்கு மேல் ஒரு தொகையை நிறுவனம் தருகிறது. கீழக்கரைக்காரருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மூச்சடக்கி மூழ்கிச் சங்கெடுத்தவர் வாங்கிய கூலி எவ்வளவு, அதே சங்கு வங்காளத்துக்குப் போய் வளையலானபோது விலை எவ்வளவு என்ற கணக்கு உங்கள் ஊருக்குத் தலைமுறைகளாகத் தெரியும். போனுக்கும் அந்தக் கணக்கைக் கேட்டவர்கள் அவர்கள். நூற்றுக்கு நூறு நியாயமான போன் செய்துவிட்டோம் என்று அவர்கள் சொல்லிக்கொள்வதில்லை. அதுவே எனக்கு அவர்கள் மேல் பாதி நம்பிக்கை.

மீதிப் பாதி, அந்தப் போனைப் பிரிக்கும் விதத்தால் வந்தது. 2023இல் வந்த ஃபேர்போன் 5இன் பின்மூடியை நகத்தால் நெம்பினால் போதும், பேட்டரி கையோடு வந்துவிடும். 2025இல் வந்த ஆறாவதில் பேட்டரிக்கும் திருகாணி வைத்துவிட்டார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் சின்ன ஸ்க்ரூடிரைவர் ஒன்று இருந்தால் டிஸ்பிளே, கேமரா, சார்ஜ் ஏறும் துளை எல்லாவற்றையும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தே மாற்றலாம். 2033 வரை மென்பொருள் புதுப்பிப்பு தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். வெளியானபோது விலை 599 யூரோ, நம் பணத்தில் அறுபதாயிரம் வாக்கில். அந்தக் காசுக்கு இதைவிட வேகமும் நல்ல கேமராவும் உள்ள போன் ராமநாதபுரம் கடைகளிலேயே கிடைக்கும். நீங்கள் கூடுதலாகக் கொடுப்பது போனின் ஆயுளுக்கு.

அந்த ஆயுள்தான் இங்கே இடிக்கிறது. இந்தியாவில் அந்தப் போன் விற்பனையில் இல்லை. விற்காத இடத்தில் சர்வீஸ் சென்டர் ஏது? நம் கடைவீதியில் போன் பழுது பார்ப்பவரின் இழுப்பறையைத் திறந்தால் நாலைந்து கம்பெனி டிஸ்பிளே அடுக்கி வைத்திருப்பார். இதற்கு ஒரு திருகாணிகூட அதில் இருக்காது. மதுரைக்குப் போனாலும் இதே கதைதான். ஸ்பேர் வராத ஊரில் ஃபேர்போனும் பத்தோடு பதினொன்று.

ஆகவே காக்காவிடம் சொல்லுங்கள்: போனோடு ஒரு பேட்டரி, சார்ஜ் துளைப் பகுதி ஒன்று, மனம் இருந்தால் ஒரு டிஸ்பிளே, மூன்றும் சேர்ந்து வரட்டும். தனிப் பேட்டரியைக் கைப்பையில்தான் கொண்டுவர வேண்டும். விமானத்தில் ஏற்றிவிடும் பெட்டிக்குள் போடக் கூடாது. ‘பிறகு பார்சலில் அனுப்புகிறேன்’ என்பாரானால் நம்பி இருக்காதீர்கள். தனி லித்தியம் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்ற 2016 முதல் தடை இருக்கிறது. பில்லைப் பெட்டிக்குள் திணிக்காமல் கையில் வைத்திருக்கட்டும், சுங்கத்தில் கேட்டால் காட்ட வேண்டியிருக்கும்.

இனி இயங்குதளம். மாண்ட்ரேக் லினக்ஸை உருவாக்கிய பிரெஞ்சுக்காரர் கயேல் துவால் தொடங்கியது இ ஓஎஸ். ஆண்ட்ராய்டின் திறந்த மூலநிரலை எடுத்து, கூகுளுக்குத் தகவல் போகும் வழிகளை அடைத்து, கூகுள் சேவை இல்லாமல் ஓடாத செயலிகளுக்காக மைக்ரோஜி என்ற மாற்றுத் துண்டை வைத்திருக்கிறார்கள். நீங்கள் எந்தத் தெருவில் எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்பதை விளம்பரக்காரர் கணக்கெடுப்பது பெருமளவு குறையும். முழுக்க மறைந்துவிடுவீர்கள் என்று எண்ண வேண்டாம். சிம் போட்ட எந்தப் போனும் எந்த டவரின் கீழ் இருக்கிறது என்பது சிம் கொடுத்த நிறுவனத்துக்குத் தெரிந்தே தீரும். அரிச்சல்முனையில் நிற்கும்போது இலங்கை நெட்வொர்க் உங்களை வரவேற்றுக் குறுஞ்செய்தி அனுப்புகிறதே, அது கூகுளைக் கேட்டுக்கொண்டா அனுப்புகிறது?

யுபிஐக்கு வருகிறேன். என் பழைய போன் ஒன்றில் லினியேஜ் ஓஎஸ் ஏற்றி, ஆர்வக்கோளாறில் சிம்மையும் அதற்கே மாற்றினேன். இ ஓஎஸ் எழுந்த அஸ்திவாரமே லினியேஜ்தான். மூன்று வாரம் எல்லாம் சரியாக ஓடியது. ஒருநாள் காலை உச்சிப்புளி பக்கம் ஒரு பெட்ரோல் பங்க்கில் இருநூறு ரூபாய்க்கு அடித்துவிட்டு வங்கிச் செயலியைத் திறந்தால், ‘இந்தக் கருவி பாதுகாப்பானதல்ல’ என்று ஒரு வரி, அதன் கீழே ‘வெளியேறு’ என்று ஒரே ஒரு பொத்தான். இரவோடு இரவாகச் செயலி தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருந்தது. எனக்குப் பின்னால் டிவிஎஸ் எக்ஸெல்லில் மீன் கூடையோடு நின்றவர் பணத்தைக் கட்டிவிட்டு, என் உள்ளங்கையில் பேனாவால் தம் எண்ணை எழுதி, ‘வீட்டுக்குப் போய் அனுப்புங்கள்’ என்றார். கை வேர்த்து கடைசி எண் அழிந்துவிடுமோ என்று ஒற்றைக் கையால் வண்டி ஓட்டிக்கொண்டு வந்தேன்.

நடந்தது இதுதான். போனின் மென்பொருள் மாற்றப்படவில்லை என்று பல வங்கிச் செயலிகள் கூகுளிடம் சான்று கேட்கின்றன. கூகுளை விட்டு விலகியவன் யோக்கியன்தான் என்பதற்குக் கூகுளின் கையெழுத்தே வேண்டியிருக்கிறது! சில செயலிகள் இதைக் கண்டுகொள்வதில்லை. இன்று கண்டுகொள்ளாதது நாளைக்கும் அப்படியே இருக்கும் என்பதற்கு எந்த உறுதியும் கிடையாது.

உங்களுக்கு ஒரு ஆறுதல்: கடை வரவு நிற்காது. கல்லாப்பெட்டியில் ஒட்டியிருக்கும் க்யூஆர் அட்டை உங்கள் வங்கிக் கணக்கைக் காட்டுகிறது, போனை அல்ல. போன் அணைந்து கிடந்தாலும் பணம் வந்து சேரும், சவுண்ட் பாக்ஸ் சொல்லும். நீங்கள் மொத்த வியாபாரிக்கு அனுப்புவதுதான் சிக்கும். எனவே வங்கியில் பதிந்த சிம் பழைய போனிலேயே இருக்கட்டும். பேச்சு, படம், உலாவல், குடும்பச் செய்தி எல்லாம் புதியதில். புதியதில் போடும் சிம்முக்கு வோல்ட்டி (4ஜி வழியே பேசும் வசதி) வேலை செய்கிறதா என்று முதல் நாளே ஒரு அழைப்பு போட்டுப் பாருங்கள். ஜியோவுக்கு 2ஜி, 3ஜி இல்லை. வோல்ட்டி இல்லையென்றால் குரல் அழைப்பே இல்லை. அவசரத்துக்கு *99# நினைவில் இருக்கட்டும். இணையம் வேண்டாம், செயலி வேண்டாம், பட்டன் போனிலும் பணம் அனுப்பும். ஒரு தடவைக்கு ஐயாயிரம் வரைதான்.

அறுபதாயிரம் செலவழிப்பதற்கு முன் காசில்லாத வேலை ஒன்று இருக்கிறது. இப்போதைய போனின் அமைப்புகளில் ‘தனியுரிமை’ பக்கத்துக்குள் போய் விளம்பர அடையாள எண்ணை அழியுங்கள். பிறகு எந்தெந்தச் செயலிக்கு இருப்பிட அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். டார்ச் செயலி உங்கள் தொடர்பு எண்களைக் கேட்டு, நீங்களும் கொடுத்திருப்பீர்கள்.

கேள்வி: நாட்டுப்படகில் போகிறவன் நான். தம்பி மகன் அவனுடைய பழைய பிக்சல் போனில் கிராஃபீன் ஓஎஸ் ஏற்றித் தருகிறேன் என்கிறான். கூகுள் இல்லாவிட்டால் கடலுக்குள் ஜிபிஎஸ் வேலை செய்யுமா?
— ஒரு மீனவர், பாம்பன்

பதில்: செய்யும் அண்ணே. ஜிபிஎஸ் கூகுளுடையது அல்ல, வானத்தில் சுற்றும் செயற்கைக்கோளுடையது. போன் அதன் சமிக்ஞையைக் கேட்டுத் தானே கணக்குப் போடுகிறது. பதிலுக்கு ஒன்றும் அனுப்புவதில்லை. டவர் எட்டாத இடத்திலும் வேலை செய்யும். முதல் தடவை இடம் பிடிக்க மட்டும் கொஞ்சம் நேரம் எடுக்கலாம். கரையில் கிளம்பும்போதே, வானம் தெரியும் இடத்தில், இடம் பிடிக்க வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தம்பி மகன் சொல்வது நல்ல யோசனைதான். கிராஃபீன் பிக்சல் போன்களில் மட்டும் ஓடும். பாதுகாப்பில் இந்த வகை இயங்குதளங்களில் நான் அதைத்தான் முதலில் வைப்பேன். கூகுள் சேவை வேண்டுமென்றால் சாதாரணச் செயலிபோல, விசேஷ அதிகாரம் ஏதும் இல்லாமல், ஒரு ஓரத்தில் உட்கார வைக்கும். பிக்சல் 8 முதல் ஏழு வருடப் புதுப்பிப்பு உண்டு; அதற்கு முந்தையது என்றால் இன்னும் எத்தனை நாள் மிச்சம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஏற்றும்போது உள்ளே இருக்கும் படம், எண் எல்லாம் அழிந்துவிடும், முதலில் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

வரைபடத்துக்கு ஆர்கானிக் மேப்ஸ் என்று ஒரு இலவசச் செயலி இருக்கிறது. கரையில் இறக்கி வைத்தால் இணையம் இல்லாமல் காட்டும். ஆனால் அது தரைக்கான வரைபடம். சர்வதேச எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்பதை அதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். படகில் இருக்கும் ஜிபிஎஸ் கருவியையும் விஹெச்எஃப் ரேடியோவையும் கரையில் வைத்துவிட்டுப் போகவும் வேண்டாம். போன் கூடுதல் துணை, அவ்வளவுதான்.

கேள்வி: கிராஃபீன் ஏற்றுவதற்காகவே பழைய பிக்சல் ஒன்றைப் பில் இல்லாமல் மலிவாகத் தருகிறார் ஒருவர். வாங்கலாமா?
— தேவிபட்டினம்

பதில்: பில் இல்லாமல் வேண்டாம். *#06# அழுத்தினால் வரும் 15 இலக்க எண்ணை, ஆங்கிலத்தில் கேஒய்எம் என்ற மூன்று எழுத்துக்குப் பின் ஓர் இடம் விட்டு அடித்து, 14422க்கு குறுஞ்செய்தி அனுப்புங்கள். திருட்டுப் போன் என்று முடக்கப்பட்டிருந்தால் தெரிந்துவிடும். அடுத்து, அமைப்புகளின் டெவலப்பர் பக்கத்தில், வேறு இயங்குதளம் ஏற்ற வழிவிடும் ‘ஓஇஎம் அன்லாக்’ என்ற பொத்தானைத் தள்ள முடிகிறதா என்று விற்பவர் முன்னாலேயே பாருங்கள். அமெரிக்காவில் சில தொலைபேசி நிறுவனங்கள் விற்ற பிக்சலில் அது மங்கலாகவே கிடக்கும். அந்தப் போனில் கிராஃபீன் ஏற்றவே முடியாது. கடையில் பில்லோடு வாங்கி ஏமாந்தால் நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசலாம். பில் இல்லாதவருக்கு அங்கும் பேச்சு நீளாது.

கேள்வி: கடல்பாசி எடுக்கப் போகிறவள். இடுப்பில் பாலித்தீன் பையில் சுற்றி வைத்த போனில் இரண்டே வருடத்தில் சார்ஜ் ஏறவில்லை. அரிசிக்குள் போட்டும் பார்த்தேன். ‘புதுசு வாங்குங்கள்’ என்கிறார் கடைக்காரர். மகள் ‘ஃபேர்போன் வாங்கு’ என்கிறாள்.
— மண்டபம்

பதில்: இரண்டும் வேண்டாம் அக்கா. துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே நாக்குபோல நீட்டிக்கொண்டிருக்கும் துண்டில் பச்சையாகப் பூத்திருக்கும். பூஜைச் செம்பைத் தேய்க்காமல் விட்டால் ஏறுமே, அதே களிம்புதான். உப்புத் தண்ணீரும் கரண்டும் சேர்ந்தால் வாரக் கணக்கில் ஏறிவிடும். அரிசி ஈரத்தையே சரியாக இழுக்காது, உப்பை எப்படி எடுக்கும்? மாவுத் தூசிதான் மிச்சம்.

‘தண்ணீர் புகாது’ என்று போட்டிருக்கும் போனையும் நம்பாதீர்கள். அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் செய்வது. மகள் சொல்லும் ஃபேர்போனின் தண்ணீர் தாங்கும் மதிப்பு ஐபி55. மழைக்கும் தெறிப்புக்கும் தாங்கும், கடலில் விழுந்தால் தாங்காது. நனைந்த போனை ஒருபோதும் சார்ஜில் போடாதீர்கள், அணைத்து வைத்துவிட்டுக் கடைக்குக் கொண்டுபோங்கள்.

ஆனால் வேறு கடைக்கு. ‘ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கழுவிப் பாருங்கள், சரியாகாவிட்டால் சார்ஜிங் போர்டை மட்டும் மாற்றுங்கள்’ என்று சொல்லுங்கள். பெரும்பாலான போன்களில் அது தனித் துண்டுதான். புதுப் போன் விலையோடு ஒப்பிட்டால் செலவு சொற்பம். இன்னும் இரண்டு மூன்று வருடம் ஓடும். கொடுப்பதற்கு முன் விலையைப் பேசி முடித்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது கழற்றிய பழைய போர்டைக் கேட்டு வாங்குங்கள். பச்சை அதில் இருக்க வேண்டும்.